ஒரு சருகு கிடக்கட்டும், பார்ப்போம்

காலையில் எழுந்ததும் மற்ற வீட்டுப் பிள்ளைகள் பல் தேய்ப்பார்கள். நான் சருகு பொறுக்குவேன். நாலாம் வகுப்பு படித்த வருசம் முழுக்க எனக்கு அதுதான் முதல் வேலை. கத்தரி, வெண்டை, முருங்கை, அவரை, பூசணி என்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு இலை பழுத்தால், அது தரையைத் தொடுவதற்குள் என் கையில் இருந்தாக வேண்டும். எல்லாம் என் அம்மாவின் வாயால் வந்த வினை.

சாத்தூர் ரோட்டில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டம் முடிந்ததும் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. அப்பா அங்கேதான் பேக்கிங்கில் இருந்தார். அம்மா வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவாள். ஆக, கம்பெனிக்காரர்களோடு சண்டை போடவே கூடாத குடும்பம் ஒன்று ஊரில் உண்டென்றால் அது எங்கள் குடும்பம்தான்.

அந்தச் சித்திரையில் கம்பெனி போர்மேன் எங்கள் தோட்டத்தை விலைக்குக் கேட்டு வந்தார். கம்பெனியைப் பெரிசாக்கப் போகிறார்களாம். அப்பா பாதித் தலையை ஆட்டிவிட்டார். மீதியை ஆட்டுவதற்குள் அம்மா, "குடுக்கிறதுக்கில்ல" என்றாள். போர்மேன் சிரித்துக்கொண்டே போனார். மறுவாரம் வேறு முகத்தோடு வந்தார். வேலியோரம் சருகு கிடந்தால் ஒரு பொறி போதுமாம், கம்பெனியே போய்விடுமாம். சோதனைக்கு வருகிற ஆபீசர் பார்த்தால் கேட்டைப் பூட்டிவிடுவாராம். அதனால் இடத்தைக் கொடுக்காவிட்டாலும் தோட்டத்தை அழித்தே தீரவேண்டுமாம்.

அம்மா உருட்டிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

"சருகு கெடந்தாத்தான அண்ணாச்சி? இங்கன ஒரு சருகு கெடக்கட்டும், பாப்போம். அன்னைக்கே செடியெல்லாம் நானே புடுங்கிப் போட்டுட்டு எடத்தக் குடுத்துர்றேன்."

போர்மேன் தெருவைப் பார்த்துத் திரும்பி, "எல்லாரும் கேட்டுக்கிட்டீகள்ல?" என்றார். தெருவில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

சவால் விடுவதற்கு என் அம்மா பார்த்த மாசம் அப்படி! கரிசல் மண் வாயைப் பிளந்து கிடந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான். தம்பியை முருங்கையடியில் நிறுத்தியே குளிப்பாட்டினாள். அப்படியும் மத்தியானம் ஆனால் கத்தரி இலை துவண்டு தொங்கும். நான் பக்கத்திலேயே காவல் இருப்பேன். தொங்கினால் தொங்கட்டும், விழக்கூடாது. அதுதான் பேச்சு.

ஆடியில் விதை போட்டோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சருகு எம்மாத்திரம்? ஊரிலுள்ள சருகெல்லாம் விலாசம் கேட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கே வந்தது. நான் ஓடி ஓடிப் பிடித்தேன். ஆவணியும் புரட்டாசியும் கம்பெனிக்குத் தீபாவளி சீசன், லோடுக்கு மேல் லோடு போய்க்கொண்டிருந்தது. போர்மேனுக்கு எங்களைக் கவனிக்க நேரமில்லை. வெண்டை பூத்ததும் அவரைக்கொடி பந்தல் ஏறியதும் அந்த நிம்மதியில்தான். ஐப்பசி மழை பெய்து, சீசனும் முடிந்து, கார்த்திகையில் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். பந்தலுக்கடியில் போய் உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஊதாப் பூ, கழுத்தில் சொட்டுகிற தண்ணீர், வெடிமருந்து வாடை இல்லாத காற்று. எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கும். மார்கழியில் வாசலில் வைக்கப் பூசணிப்பூ கேட்டுத் தெருப் பெண்கள் எங்களிடம்தான் வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் தரமாட்டேன் என்று நான் அதிகாரம் செய்தேன். தினமும் பெருக்குகிறவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

கம்பெனி மறுபடி திறந்ததும் போர்மேனுக்கும் நேரம் கிடைத்தது. செல்போன் எங்கள் ஊருக்குப் புதுசு, அவர் ஒன்று வாங்கியிருந்தார். கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பதால் வெளியே வந்து எங்கள் தோட்டத்தோரமாக நின்றுதான் பேசுவார். போன் காதில் இருக்கும், கண் தரையில் இருக்கும். தையில் முருங்கை பழுத்துக் கொட்டியது. முருங்கை இலை எம்புட்டுச் சின்னது என்பது பொறுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா பழைய சேலைகளை மரத்தடியில் விரித்துப் போட்டாள். மரம் கொட்டக் கொட்ட நாங்கள் உதறி எடுத்தோம். போர்மேன் ஒன்றும் அகப்படாமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அவர் காதில் விழுகிற மாதிரி நான் சத்தமாகப் பாட்டுப் பாடுவேன்.

பங்குனி பிறந்து ஒரு நாள் காலையில் பின்கதவைத் திறந்தால் தோட்டம் முழுக்க மஞ்சள். பாத்தி தெரியவில்லை, வரப்பு தெரியவில்லை, அவ்வளவும் வேப்பஞ்சருகு. போர்மேன் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் போன்கூட இல்லை.

"என்னத்தா, சொன்ன சொல்லு ஞாபகமிருக்கா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது ஒங்க வேம்பு! எங்கட்ட வேப்பமரமே கெடையாது!"

கம்பெனிக்குள் வேலியை ஒட்டி ஒரு வேப்பமரம் நின்றது. அப்பாவும் மற்றவர்களும் மத்தியானம் அதன் நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஒரே ராத்திரிக் காற்றில் அது பாதி மொட்டையாகியிருந்தது. அம்மா மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ச் சாக்கை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் கூட்டி அள்ளி, மிதித்து அமுக்கிக் கட்டினோம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் தெருவைச் சுற்றிக் கம்பெனி வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்கள் வேலைக்கு நுழைகிற நேரம். கேட்டுக்கு நேர் நடுவில் சாக்கை அவிழ்த்துக் கவிழ்த்தாள்.

"ஒங்க சருகு, அண்ணாச்சி. ஒண்ணு கொறையாமக் கொண்டாந்துட்டேன். ஆபீசர் வர்றதுக்குள்ள அள்ளிக்கிடுங்க."

சிரிக்கக்கூடாதவர்களெல்லாம் சிரித்தார்கள். அப்பா மட்டும் தன் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். போர்மேன் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் அசையவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குனிந்தார். அந்தக் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும்!

அன்றைக்கே அப்பாவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். சாயங்காலம் அவர் பின்வாசலில் நின்று கத்தினார். ஊரை ஜெயித்த மிதப்பில் நான் பந்தலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு கத்தரிச் செடிக்காக எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

"கத்தரிச் செடி யாருக்கு வேணும்?" என்றாள் அம்மா. "இங்க என்னத்தக் கட்டப்போறாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா? மருந்து கலக்குற ரூமு. நம்ம புள்ளைக தலவச்சுப் படுக்குற செவுத்துக்கு அங்கிட்டே வந்து நிக்கும். அது வேலிக்கு அந்தப் பக்கமே கெடக்கட்டும், நடுவுல இம்புட்டு எடம் வேணும். இங்கன கத்தரி நின்னா என்ன, எருக்கஞ்செடி நின்னா என்ன?"

அப்பா திரும்பி எங்கள் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நாள் அலைந்து சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார். எங்கள் இடத்தைக் கேட்டுக்கொண்டு அப்புறம் யாரும் வரவில்லை.

ஆனால் எனக்கு அன்றைக்கு வந்ததே ஒரு கோபம்! எருக்கஞ்செடியா? விடிந்தும் விடியாமலும் குனிந்து குனிந்து ஒரு வருசம் பொறுக்கினேனே, எருக்கஞ்செடிக்கா? அம்மாவுக்கு என் தோட்டத்தின் மேல் துளி ஆசை இல்லை என்று முடிவு கட்டினேன். மருந்து ரூம், சுவர் என்று அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மறுநாள் விளக்குமாற்றைத் தொடமாட்டேன் என்ற வீம்போடு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயிலேயே கிடந்தேன். அம்மா என்னை எழுப்பவில்லை. வேலியடியில் தொடங்கி அவளே பெருக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. எங்கள் சுவருக்கு அது வந்து சேர வெகுநேரம் பிடித்தது. இம்புட்டு மெதுவாகவா பெருக்குவது, நானாக இருந்தால் எப்போதோ முடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.