எண்பதுக்கு ஒரு பந்து குறைவு

பந்து கோல் கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனால் 'சதவீதம்' மூக்கைச் சொறிவார், எழுத மாட்டார். உள்ளே வரவிருந்த பந்தைக் கீப்பர் தடுத்தால் ஒரு கோடு. கோட்டை விட்டால் ஒரு சுழி. ஹாக்கி மைதானத்தில், கோல் வலைக்குப் பின்னால், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு வருடமாக அவர் செய்துவரும் திருப்பணி இவ்வளவுதான். சதவீதம் என்பது ஊர் வைத்த பெயர்; பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு லாரி எடை மேடையில் வேலை. மேடை ஏறிய லாரியிலிருந்து டிரைவரை இறக்குவார், கிளீனரை இறக்குவார், தண்ணீர்க் கேனையும் இறக்கச் சொல்வார். "சீட்டுல என் துண்டு கெடக்கு, அதையும் எடுக்கணுமா சார்?" என்று ஒரு டிரைவர் குத்தலாகக் கேட்டார்.

"ஈரத் துண்டா, காஞ்ச துண்டா?" என்றார் சதவீதம், சிரிக்காமல்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த சோதனை, கீப்பர் அவருடைய சொந்த மச்சான். மனைவியின் ஒரே தம்பி. ஒருமுறை பையன் அந்தரத்தில் பறந்து, குப்புற விழுந்து, ஒரு பந்தைத் தள்ளிவிட்டுக் கைதட்டல் வாங்கினான். நோட்டில் ஒன்றும் ஏறவில்லை.

"மாமா, அத்தனை பேரும் கைதட்டினாங்களே!"

"அது தானா வெளிய போற பந்து. போறதைப் போய் மறிச்சா அதுக்குப் பேரு தடுப்பு இல்ல மாப்ள, வம்பு."

அன்று வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. "எத்தனை சதவீதம் போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றாள் மனைவி.

பெரிய வினை பின்னால் வந்தது. அந்த நோட்டில் மயங்கிய பயிற்சியாளர் ஒரு சட்டம் போட்டுவிட்டார்: லீக் முடியும்போது எண்பது சதவீதம் வைத்திருந்தால் இறுதி ஆட்டம்; இல்லையென்றால் பெஞ்சு. கடைசி லீக் ஆட்டத்துக்கு முன்பு மச்சானை நோக்கி வந்தவை தொண்ணூற்று நான்கு, தடுத்தவை எழுபத்தைந்து. எழுபத்தொன்பதே முக்காலுக்குச் சற்று மேல். இன்னும் ஒரே ஒரு பந்தைத் தடுத்தால் எண்பது, இம்மி பிசகாமல்.

"எண்பதுன்னு முழுசாக்கிடுங்களேன். உங்க கை தேஞ்சா போயிடும்?"

"லாரி ஏறும்போது எடை மேடை முழுசாக்கிப் பாக்குமா?"

"அவன் லாரி இல்லைங்க, என் தம்பி!"

கடைசி ஆட்டத்துக்கு வந்த எதிரணியோ நோஞ்சான் அணி. ஆறு கோல் வாங்கிக்கொண்ட பிறகும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பந்து வந்தால்தானே தடுப்பதற்கு? மச்சான் கவசத்துக்குள் வெந்தபடி தன் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தினான்: "டேய், ஒண்ணே ஒண்ணு வரவிடுங்கடா! நான் என்ன வாட்ச்மேனா?"

"நாங்க விட்டு, நீங்களும் விட்டுட்டா? கோச் எங்க தோலை உரிச்சிடுவார்ணே!"

வேறு வழியில்லாமல், தூரத்தில் நின்ற எதிரணிக்காரனையே அழைத்துப் பார்த்தான். "வாப்பா, கூச்சப்படாத. சும்மா வா!" வலைக்குப் பின்னால் மனைவி ஒரு கண்ணால் தம்பியையும் மறுகண்ணால் புருஷனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கண்ணில் அனல் அதிகம்.

கடைசி நிமிடத்தில் அந்த எதிரணிக்காரன் எப்படியோ கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்துக்குள் புகுந்து, மட்டையைக் குருட்டாம்போக்கில் வீசினான். பந்து நொண்டி நொண்டி வந்தது. அது எங்கே போய்ச் சேரும் என்று பந்துக்கே தெரியாதபோது சதவீதத்துக்குத் தெரிந்துவிட்டது: கம்பத்துக்கு வெளியே, நான்கு விரற்கடை. மச்சானுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. உடம்பு மொத்தத்தையும் தூக்கி எறிந்தான். கால்கவசத்தில் பட்டுப் பந்து தெறித்தது. விசில்.

பயிற்சியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், உள்ள வந்த பந்தா, வெளிய போன பந்தா? சொல்லுங்க, நீங்க சொல்றதுதான்."

"உள்ளதான்!" என்றாள் மனைவி.

"உங்களைக் கேக்கலைம்மா. சாரைக் கேக்குறேன்."

சதவீதத்தின் முகத்தில் மூக்குக்கண்ணாடி இல்லை. பந்து பாதி வழியில் இருந்தபோதே அதைக் கழற்றிவிட்டிருந்தார். இப்போது சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், அழுக்கே இல்லாத கண்ணாடியை, தலை நிமிராமல், இரண்டு பக்கமும், மிகப் பொறுமையாக.