நூற்று எண்பத்தாறு பூஜ்ஜியங்கள்

அந்தோணியார்துறையில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் லீமாவிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, வள்ளத்துக்கு மானிய மண்ணெண்ணெய் கேட்க, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க, கடலில் செத்தவனுக்கு இன்சூரன்ஸ் வாங்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். அவளுடைய கையெழுத்து நன்றாக இருக்கும். அதைவிடப் பெரிய காரணம், படிவத்தில் என்ன கேட்டிருந்தாலும் அவள் முகம் மாறாது. "இறந்த தேதி" என்று வாசிப்பாள். எதிரில் இருப்பவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்வாள். இவள் எழுதுவாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசிவிட்டு அடுத்த படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வருவார்கள்.

குளச்சலிலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வருகிற சின்ன ஊர் அது. லீமாவின் கணவன் பெனிட்டோ பஹ்ரைனில் ஓர் அரபியின் போட்டில் மீன் பிடிக்கிறான். ஒரே மகள் ஜின்சி நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். பெனிட்டோவின் ஒன்பது வருஷ உழைப்பு மொத்தமும் நான்கு அறை கான்கிரீட் வீடாக நின்றது. அதைக் கட்டியபோது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசை வீடுகள் இருந்தன. அதற்கும் அப்பால் நாற்பது பேர் நின்று கரைமடி வலை இழுக்கிற அளவுக்கு மணல் கிடந்தது. முதல் வரிசை ஒரே ஆடியில் போயிற்று. இரண்டாவது வரிசைக்கு இரண்டு வருஷம் ஆனது. மூன்றாவதில் நான்கைந்து குட்டிச்சுவர்கள் மிச்சம். லீமா அடுக்களை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். "டூரிஸ்டுகாரன் இதுக்குக் காசு தருவான்" என்று பெனிட்டோ ஒருமுறை போனில் வேடிக்கை பண்ணினான். லீமா அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

கரையோரம் பாறாங்கல் அடுக்கித் தடுப்புச்சுவர் போட்டுத்தாருங்கள் என்று ஊர் பதினொரு வருஷமாக மனுக்கொடுத்துக்கொண்டிருந்தது. மனு எழுதியதும் லீமாதான். கல் வந்தால் அவள் வீடு நிற்கும், வராவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது. விஷயம் அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் கணக்கெடுப்பு வந்தது. சென்னையில் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிறுவனம். கல்லுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் எந்தக் கரைக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்க்க வேண்டுமாம். கடலையே பார்க்காதவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கரையில் குடியிருக்கிறவனிடமே போய், "இந்தக் கரையைக் காப்பாற்ற வருஷத்துக்கு உன் குடும்பம் எவ்வளவு பணம் தரும்?" என்று கேட்பது. வீடு தீப்பிடித்து எரிகிறவனிடம் தண்ணீருக்கு என்ன விலை தருவாய் என்று கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஊர்க்காரர்களே கேட்டால் ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று லீமாவை வேலைக்கு எடுத்தார்கள். நாகர்கோவிலில் ஓர் ஓட்டலில் பயிற்சி, மதியம் பிரியாணி. சொல்லிக்கொடுத்தவள் பெமிலா. மார்த்தாண்டத்துப் பெண், பொருளாதாரம் படித்தவள், நல்ல பிள்ளைதான். ஆளுக்கொரு போன் கொடுத்தாள். கேள்விகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

"யாரும் உண்மையிலே காசு குடுக்கப்போறதில்லக்கா. அவங்க மனசுல கரைக்கு என்ன மதிப்புன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம்" என்றாள் பெமிலா.

"பூச்சியம்னு சொன்னா?" லீமா கேட்டாள்.

"மதிப்பில்லைன்னு ஆகும். ஆனா ஏன் பூஜ்ஜியம்னு அடுத்த கேள்வி வரும். அந்தப் பதிலைப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க."

லீமா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கமிட்டியின் துணைத்தலைவர் ததேயுஸ் மைக்கைப் பிடித்தார். கடற்கரை ஊர்களில் இது ஒரு முறை. பூசைக்குப் பின்னால் மைக்கில் சொன்னது ஊர்ச்சொல். யாராவது கடலில் செத்தால் அன்று ஒரு வள்ளமும் இறங்காது. எந்த நாளில் எந்த வலை போடக்கூடாது என்று சொன்னால் ஒருவரும் போடமாட்டார்கள். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயப்படாதவன்கூட இதை மீறமாட்டான். அந்த ஒற்றுமையால்தான் அந்த ஊர் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்தது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றார் ததேயுஸ். "நாளைக்குப் போனும் கொண்டு வந்து கரைக்கு என்ன தருவேன்னு கேப்பினும். ஒருத்தரும் ஒத்த ரூவா சொல்லப்பிடாது. இன்னைக்கு நூறுன்னு சொன்னா நாளைக்கு அதை வரியாக்குவினும். அதுமட்டுமில்ல, கரை எனக்கதும் இல்ல, உனக்கதும் இல்ல, ஊருக்கதாக்கும். ஊருக்க கரைக்கு ஒத்தையாளு எப்பிடி வெல சொல்லும்? எல்லாரும் பூச்சியம்னு சொல்லணும்." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏட்டி லீமா, நீ டிரெயினிங் போனவளாச்சே. அப்பிடிச் சொன்னா கல்லு வாறதுக்குத் தடை ஒண்ணும் இல்லியே?"

கோயில் முழுவதும் லீமாவைப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள்.

"எதுக்கு பூச்சியம்னு அடுத்தாப்பல கேப்பினும் மாமா. அதுல சரியாச் சொன்னாப் போதும்."

அவள் பொய் சொல்லவில்லை. அப்போது அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பயிற்சியில் அந்த அடுத்த கேள்வியைத் திறந்து பார்த்திருக்கலாம். பிரியாணிக்கு மணியாகிவிட்டது என்று யாரும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வீடு, மீன் விற்கிற ஜெசிந்தாளுடையது. பூஜ்ஜியம் என்று போட்டதும் "ஏன்?" என்று வந்தது. கீழே மூன்று பதில்கள் இருந்தன. தேவையில்லை. பணவசதி இல்லை. திட்டத்தில் நம்பிக்கை இல்லை. கரை ஊருடையது, தனியாள் விலை சொல்லக்கூடாது என்பதற்கு அதில் இடமில்லை. லீமா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். மூன்றுதான்.

"பணவசதி இல்லன்னு போடட்டா?"

"எனக்கு வக்கில்லன்னு எழுதவா வந்த? கழுத்துல நாலு பவுன் கிடக்குது, கண்ணு தெரியாதா உனக்கு?"

"அப்ப நம்பிக்கை இல்லன்னு போடுதேன்."

"போடாத பிள்ள. அதைப் பாத்தா வாற கல்லையும் திருப்பிக் கொண்டு போவினும்."

எதையாவது அமுக்கினால்தான் அடுத்த பக்கம் வரும். லீமா பெமிலாவுக்குப் போன் பண்ணினாள். பெமிலா பஸ்ஸில் இருந்தாள், ஹார்ன் சத்தம். "அவங்க சொல்றதுக்கு எது கிட்ட வருதோ அதைப் போட்டு நகத்துங்கக்கா" என்றாள். ஜெசிந்தாள் மீன்சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னத்தையாவது அமுக்கு மக்கா, கரையில மீன் லேலம் முடிஞ்சுபோவும்."

லீமா மிச்சமிருந்த "தேவையில்லை" என்பதை அமுக்கினாள். பக்கம் நகர்ந்தது.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். வக்கில்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனமில்லை, நம்பிக்கையில்லை என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. பத்தாவது வீட்டுக்குப் பிறகு அவள் பதில்களை வாசித்துக் காட்டுவதையும் நிறுத்திவிட்டாள். விரல் தானாக அந்த இடத்துக்குப் போயிற்று.

நாற்பத்தொன்றாவது வீடு அவளுடையது. அடுக்களையில் தனியாக உட்கார்ந்து தன்னிடமே கேள்வி கேட்டாள். ஐந்நூறு என்று போடத் தோன்றியது. ஐந்து என்று அடித்தும்விட்டாள். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் ஊர்ச்சொல். ததேயுஸ் மாமாவின் முகமோ, பங்குச் சாமியாரின் முகமோ நினைவுக்கு வரவில்லை, பயமும் இல்லை. ஒரு வீடு மட்டும் விலை சொல்லியிருக்கிறதென்றால் அது அசிங்கம் என்று பட்டது. அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டாள். ஏன்? தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே அலை வந்து குட்டிச்சுவரில் மோதியது. அடுத்த வீட்டுக்குப் போனாள். ஐந்து நாளில் நூற்று எண்பத்தாறு வீடும் முடிந்தது. ஒரு வீடுகூட விடாமல் முடித்தது நீங்கள் மட்டும்தான் என்று பெமிலா பாராட்டினாள்.

பக்கத்துக் கொச்சுத்துறையில் கல்லூரிப் பையன்கள் வந்து கேட்டார்கள். அங்கே மைக்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறு, ஐந்நூறு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். லீவில் வந்திருந்த ஒரு கல்ஃப்காரன் பெருமைக்கு ஐயாயிரம் என்றானாம். ஒன்பது மாதம் கழித்துக் கல் லாரிகள் அந்தோணியார்துறை வழியாக, நிற்காமல், கொச்சுத்துறைக்குப் போயின.

ததேயுஸும் கமிட்டிக்காரர் ஆறுபேரும் லீமாவும் வேன் பிடித்து நாகர்கோவிலுக்கு ஒரு கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி கோபக்காரரில்லை. லேப்டாப்பைத் திறந்து பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க ஊர்ல நூத்தி எண்பத்தாறு வீட்டுலயும் கேட்டிருக்காங்க. நூத்தி எண்பத்தாறு பேரும் தேவையில்லைன்னு சொல்லியிருக்காங்களே" என்றார். "இது மாதிரி ஒரே பதிலா நான் பாத்ததேயில்ல."

ததேயுஸ் லீமாவைப் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவேண்டும், இல்லாவிட்டால் பயமாவது வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், அவ்வளவுதான். திரும்புகிற வழியில் வேன் மண்டைக்காடு தாண்டியதும் ததேயுஸ், "நான்தானே மைக்குல சொன்னேன்" என்றார். "நான்தானே அமுக்கினேன்" என்றாள் லீமா. அதற்குமேல் அவள்மேல் யாரும் பழி சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர் அதைக்கூடச் செய்யவில்லை.

கல் முடிகிற இடத்தில் கடல் திரும்பி, கல் இல்லாத கரையைக் கடிக்கும். கொச்சுத்துறைச் சுவர் முடிந்த இடத்தில்தான் அந்தோணியார்துறை தொடங்குகிறது. வைகாசியில் ஒருநாள் நடுப்பகல், காற்றில்லை, மழையில்லை, நல்ல வெயில். எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய அலைகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறின. கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர். லீமா கேஸ் சிலிண்டரையும் மிக்சியையும் ஜின்சியின் சர்டிபிகேட்டுகளையும் கரை இடியத் தொடங்கியபோதே கோயில் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தாள். ரோட்டில் நின்றுகொண்டு பெனிட்டோவுக்கு வீடியோவில் காட்டினாள்.

"அடுக்களை போச்சா?"

"போச்சு."

"ஹாலு?"

"நிக்குது."

"கொஞ்சம் அங்கோட்டுத் திருப்பு. படி தெரியுதா பாப்போம்."

திருப்பினாள். படி தெரிந்தது. பிறகு தெரியவில்லை. பெனிட்டோ, போட்டில் ஆள் கூப்பிடுகிறது என்று வைத்துவிட்டான். அன்று அந்த வரிசையில் இருபத்தேழு வீடுகள் போயின. பக்கத்தில், வீடு தப்பிய ஜெசிந்தாள்கூட மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். லீமா அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்கும் இப்படி அழத் தெரிந்திருக்கலாம் என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

தையில் பெமிலா மறுபடி வந்தாள். இரண்டாம் கட்டக் கணக்கெடுப்பாம். அதே வீடுகளில், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். லீமா ரோட்டுக்கு அப்பால் வாடகை வீட்டில் இருந்தாள். ஜின்சிக்கு ஃபீஸ் கட்டவேண்டும். சரி என்றாள். இந்தத் தடவை புது ஏற்பாடு. வீட்டுக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனில் கேள்வி திறக்கும். முந்தின வீட்டை முடித்தால்தான் அடுத்தது வரும்.

நாற்பதாவது வீட்டை முடித்துவிட்டு லீமா கரைக்கு நடந்தாள். அதுவரை எல்லாம் ரோட்டுப் பக்கத்து வீடுகள், கடலோர வரிசை அவளுடைய வீட்டில்தான் தொடங்கியது. எங்கே போய் நிற்பது என்று போன் காட்டிய இடம் தண்ணீரில் இருந்தது. முடிந்தவரை கிட்டப் போனாள். சேலை முழங்கால்வரை நனைந்தது. போன் திறந்தது. "சந்திக்க இயலவில்லையா? காரணம்?" வீடு பூட்டியிருக்கிறது. பதில் தர மறுத்தனர். இடம் மாறிவிட்டனர்.

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு கரையேறிப் பெமிலாவுக்குப் போன் பண்ணினாள்.

"பெமிலா, கடல் எடுத்துட்டுதுன்னு இதுல இல்ல."

"ஆமாக்கா, அது சாஃப்ட்வேர்ல இல்ல. இடம் மாறிட்டாங்கன்னு போட்டு நகத்துங்க. இன்னும் நூத்திச் சொச்சம் இருக்கே."

"இடம் மாறினவுக தட்டுமுட்டுச் சாமானோட போவினும் பிள்ள. எனக்க அடுக்களையும் ஹாலும் இன்னும் இஞ்சதான் கிடக்குது, தண்ணிக்கடியில."

பெமிலா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எதையாவது அமுக்கலைன்னா நாப்பத்திரெண்டு திறக்காது. உங்களுக்கும் இன்னைக்குச் சம்பளம் வராது."

"வராண்டாம்" என்றாள் லீமா. "அப்பிடி ஒருவாட்டி அமுக்கியாச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கே ஆறுதலாக இருந்திருக்கும். கரையில் கிடந்த யாருடைய வீட்டுக் கல்லிலோ உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். மாலை ஐந்து மணிக்கு நிறுவனத்தின் பதிவில் அந்தோணியார்துறை நாற்பது வீடுகளோடு நின்றது. நாற்பத்தொன்றாவது வீட்டுக்கு நேரே பதில் இல்லை.