ஐரிஷ் பப்பில் சத்தம் நின்ற ஞாயிறு

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற உறவுக்காரர்கள் மொன்றியலில் எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று கேட்டால், நான் ஓர் ஐரிஷ் பப்பைச் சொல்லுவேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் குடிப்பதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறப்பதும் இல்லை. ஆனால் அந்தப் பப்பின் சமையலறையில் நான் கோப்பை கழுவியிருக்கிறேன். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு மெதுவாக வேகவைக்கிற குழம்பு அங்கே நன்றாக இருக்கும். சோடா போட்டுச் சுடும் பாண் அதைவிட நன்றாக இருக்கும். கறுப்பு பியரை முக்கால் கிளாசுக்கு ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்துவிட்டு, பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். யாராவது அவசரப்படுத்தினால் முதலாளிக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் பாட்டு இருக்கும், அதற்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். அந்தப் பாட்டு என்னை என்ன பாடுபடுத்தியது என்று சொன்னதில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. என்னுடைய அகதி வழக்கை மறுத்திருந்தார்கள். மேல்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வேலை செய்யும் அனுமதி முடிந்துபோயிருந்தது. பிடித்தால் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பதை நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போய், அதே நினைப்போடு எழும்புகிற காலம். ரொக்ஸ்பரோவில் ஒரு நிலவறையில் நானும் மனைவியும் இருந்தோம். மேலே வீட்டுக்காரர் காலணியோடு நடந்தால்கூட இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

பப்பில் வேலை எடுத்துத் தந்தவர் அங்கே சமையல் செய்த யாழ்ப்பாணத்து அண்ணை. முதலாளி ஒரு வயசாளி. அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவராம். பேப்பர் இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சமையலறைக்கும் முன்மண்டபத்துக்கும் இடையில், தள்ளினால் திறந்து தானாக மூடிக்கொள்ளும் ஒரு கதவு இருந்தது. நான் அந்தக் கதவைத் தாண்டிப் போனதே இல்லை. தாண்டாமலேயே அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காதால் பார்த்துக்கொள்வேன். கிளாஸ் சத்தம், சிரிப்பு, கதிரை இழுபடுகிற சத்தம். இந்த இரைச்சல் இருக்கும்வரை பயமில்லை. எங்கள் மட்டக்களப்புச் சந்தையும் அப்படித்தான். இரைச்சல் இருந்தால் எல்லாம் சரி. திடீரென்று அடங்கினால் ஆமி வந்துவிட்டது. அப்போது ஓடக்கூடாது, பின்பக்கத்தை முதலே மூடியிருப்பார்கள், ஓடுகிறவனைத்தான் சுடுவார்கள். ஐடென்ரிக் கார்டை, அதுதான் அடையாள அட்டையை, எடுத்து, கை இரண்டும் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, கூப்பிட முன்னமே தானாக வெளியே வரவேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் வழமையாகக் கிழமை நாட்களில்தான் வேலைக்குப் போவேன். ஒரு மாசி மாதத்து ஞாயிறு, மற்றப் பொடியன் வராததால் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"இண்டைக்குப் பாட்டுக் கோஷ்டி வரும். கோப்பை குவியும். பயப்பிடாதை," என்றார்.

"எனக்கென்ன பயம் அண்ணை?"

"உனக்கு ஃபிரிட்ஜ் உறுமினாலும் பயம் எண்டு எனக்குத் தெரியாதே, மட்டக்களப்பான்!"

பின்னேரம் வயலினும் புல்லாங்குழலும், கையில் பிடித்து ஒரு சின்னக் குச்சியால் அடிக்கிற தோல் மேளமும் தொடங்கின. சனம் காலால் நிலத்தை உதைத்தது. தட்டங்கள் அலுமாரியில் கிணுகிணுத்தன. எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் என்னை யாரும் தேடமாட்டார்கள் என்று பட்டது. அண்ணை சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனார்.

அவர் போய்ச் சிறிது நேரத்தில் சத்தம் நின்றது.

ஒரு பாட்டு முடிந்து கைதட்டுகிற மாதிரி இல்லை. மேளம், பேச்சு, கிளாஸ், எல்லாமே ஒரே நேரத்தில் அடங்கின. குழாயை மூடினேன். குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமியது. பிறகு முன்கதவு திறக்கிற சத்தமும், பனிச் சப்பாத்து இரண்டு அடி வைத்து நிற்கிற சத்தமும் கேட்டன.  என் கை தன்பாட்டில் வேலை செய்தது. காற்சட்டைப் பையிலிருந்த பேர்சைத் திறந்து, ஊர் ஐடென்ரிக் கார்டை எடுத்தது. கனடாவில் அந்தக் கார்டுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதெல்லாம் அப்போது நினைவில் வரவில்லை. சவர்க்கார நுரை வழிய, இரண்டு கையையும் தோளுக்கு உயர்த்திக்கொண்டு, நான் கதவைத் தள்ளி வெளியே போனேன்.

மண்டபம் நிறையச் சனம். ஒருவரும் அசையவில்லை. நடுவில் ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் ஒன்றும் இல்லாமல் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவர் அவளுடைய கையைப் பிடித்திருந்தார். குரல் மெல்லியது. அதற்காகத்தான் எல்லோரும் மூச்சைக்கூட அடக்கியிருந்தார்கள். முன்கதவடியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, உண்மையாகவே ஒரு பொலிஸ்காரன் நின்றான்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். திரும்பி உள்ளே போனால் ஓடுகிறேன் என்று ஆகிவிடும். கையை இறக்கவும் பயமாக இருந்தது. கிழவி பாடப் பாட நான் அப்படியே நின்றேன். எத்தனை அடி பாடினாளோ, அது முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முடிந்தது. பொலிஸ்காரன் முதலாளியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. அதில் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது: பப்பியே. பேப்பர். அவன் கேட்டது முதலாளியிடம் என்று யோசிக்காமல், நான் முன்னே போய் என் கார்டை நீட்டினேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். சிங்களமும் தமிழும். இருபது வயதுப் படம். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் ஏப்ரனைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்து, இவர் இங்கே வேலை செய்கிறவரா என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது.

முதலாளி வாய் திறப்பதற்குள் கிழவி தன் கைத்தடியை என் பக்கம் நீட்டினாள். "அடுத்தது அவர்தான். கூப்பிடுகிற முறை என்னுடையது, நான் கூப்பிட்டிருக்கிறேன்," என்றாள். அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பாடி முடித்தவர் அடுத்தவரைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் மறுக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகு அண்ணை சொல்லித்தான் தெரியும். அப்போது கண்டதெல்லாம், அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பியது மட்டும்தான். முதலாளி, "பாடு, தயவுசெய்து," என்று மெதுவாகச் சொன்னார். பொலிஸ்காரன் கார்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

எனக்கு ஒரு பாட்டும் வரவில்லை. தெரிந்த பாட்டுகள் எல்லாம் எங்கே போயினவோ. கடைசியில் வாயில் வந்தது பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இராகம் போட்டுச் சொல்லுகிற வாய்ப்பாடு. அதிலும் ஏழாம் வாய்ப்பாடு.

"ஓரேழு ஏழு… ஈரேழு பதினாலு…"

குரல் நடுங்கியது. நடுங்க நடுங்க அது பாட்டு மாதிரியே கேட்டது. மூவேழு இருபத்தொன்றுக்கு வரும்போது சனம் கண்ணை மூடத் தொடங்கிவிட்டது. ஆறேழில் தடுக்கினேன், கிழவி என் ஈரக்கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வரை போகலாமா, பத்தோடு நிற்பதா என்று தெரியாமல், நிறுத்தினால் கேள்வி தொடங்கிவிடும் என்ற பயத்தில் பன்னிரண்டு வரை இழுத்தேன். முடித்ததும் பெரிய கைதட்டல். பொலிஸ்காரனும், தொப்பியைக் கக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு தரம் தட்டினான். பிறகு கார்டைத் தந்து, "மெர்சி மிஸ்யே", நன்றி ஐயா, என்று சொல்லிவிட்டு, முதலாளியோடு கல்லாப்பெட்டிப் பக்கம் போனான்.

சமையலறைக்குள் வந்து குந்திவிட்டேன். அண்ணை பின்கதவால் தலையை நீட்டினார். பொலிஸ் காரைக் கண்டு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவருக்குக் கனடாக் குடியுரிமையே இருந்தது.

"ஏன்டாப்பா, உள்ளை ஏழாம் வாய்ப்பாடு ஓடினது எனக்குக் கேட்டது, உண்மையோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"வெள்ளைக்காரன் கைதட்டிக் கணக்குப் படிச்சதை இண்டைக்குத்தான் கேட்டன்!" சுவரில் சாய்ந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். முன்னே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். "மேல்வீட்டுக்காரன் சத்தம் கூடிப்போச்செண்டு போன் அடிச்சிருக்கிறான். பொலிஸ்காரன் வந்து கேட்டது பப்பின்ரை லைசன்ஸ் பேப்பரை. வந்து பாத்தா இஞ்சை ஒரு ஊசி விழுந்தாலும் கேக்குது. பேசாமல் போயிட்டான். நீ ஏன்டா உன்ரை கார்டைக் கொண்டுபோய் நீட்டினனீ?"

ஈரமான கார்டை ஏப்ரனில் துடைத்துப் பேர்சுக்குள் வைத்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவன் உங்கட பேரைப் பாத்தானா?"

"தமிழில்தானே எழுதியிருக்கு. அவனுக்கு என்ன விளங்கும்?"

"நம்பர் இருக்கே. நம்பர் எல்லாப் பாஷையிலும் ஒண்டுதானே. மறுகா தேடி வந்தா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து நிலவறையின் ஜன்னலில் கார் வெளிச்சம் விழும்போதெல்லாம் அந்த நம்பர்தான் ஞாபகம் வந்தது. வேலையை விடச் சொன்னாள். விட்டால் வாடகைக்கு வேறு வழியில்லை. அதோடு, திடீரென்று வராமல் நின்றால் அதையே யாராவது யோசிப்பார்கள் என்றும் பயந்தேன். அடுத்த ஞாயிறு அண்ணை போன் எடுத்து, "கிழவி கேக்குதடாப்பா, அந்தச் சோகப் பாட்டுக்காரன் எங்கையெண்டு," என்றார். போனேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கிழவி தன் பாட்டை முடித்ததும் கைத்தடி என்னை நோக்கி நீளும். மறுக்கக்கூடாது என்பது இப்போது எனக்கும் தெரியும். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போவேன். மண்டபம் அடங்கும். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் மட்டும் முன்கதவைப் பார்த்துக்கொண்டு எட்டாம் வாய்ப்பாட்டைப் பாடுவேன்.