முகத்தில் ஒன்று, பாதத்தில் ஒன்று

என் இடது தாடையில் ஒரு மச்சம் இருக்கிறது. துவரம்பருப்பு அளவு, கொஞ்சம் தடிப்பு, நடுவில் கறுகறுவென்று நாலைந்து முடி. என்னோடு பேச வருகிறவர்கள் முதலில் என் கண்ணைப் பார்ப்பார்கள், பிறகு மச்சத்தைப் பார்ப்பார்கள், அதற்கப்புறம் அதோடுதான் பேசுவார்கள். செஞ்சி கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கல்யாணப் பெண்களின் முகத்திலிருக்கும் மச்சத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுப்பவள் நான். "அக்கா, உங்களுதை யாரு அழிப்பாங்க?" என்று ஒருத்தி சிரித்தாள். அவள் மூக்கோரத்து மருவை நான் அழிக்காமலே பிரிண்ட் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு என் மச்சத்தைக் கண்டால் பயம். "முடி மொளச்ச மச்சம்டி. கத்திரி படக்கூடாது. பட்டா கேன்சரா மாறிடும்" என்பாள். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். குதிரை முடியால் இறுக்கிக் கட்டச் சொன்னாள் எதிர்வீட்டுக்காரி. இருவரையும் அம்மா வாசலோடு அனுப்பினாள். தினமும் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, பெரிசாகியிருக்கிறதா என்று பார்ப்பாள். எங்கள் வீட்டுக்குக் கெட்டது எந்தப் பக்கமாக வரும் என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் காவல் காத்தோம்.

நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்து தொட்டியோரம் அம்மா கால் கழுவியபோதுதான் அந்தக் கறுப்பை முதலில் பார்த்தேன். வலது குதிகாலின் அடியில், மை சிந்திக் காய்ந்ததுபோல, ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது.

"இன்னாமா அது?"

"சேத்துக் கறைடி."

கல்லில் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. "அப்போ மச்சம்தான். உள்ளங்கால்ல மச்சம் இருந்தா ஊர் ஊரா சுத்துவாங்கன்னு சொல்லுவாங்க. நான் எங்க சுத்துனேன்?" என்றாள். இந்தப் பக்கம் விழுப்புரம், அந்தப் பக்கம் திருவண்ணாமலை, அதோடு சரி அவள் கண்ட உலகம். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். 

அடுத்த கடலை அறுவடைக்குள் அது அகலமாகி, நடுவில் வெடித்துக் கசிந்தது. கால் ஆணி என்று அவளே முடிவுகட்டி, மருந்துக் கடையில் விற்கும் வட்டப் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டிக்கொண்டாள். கடலைக் கொல்லையில் நடக்கிற காலுக்கு ஆணி வராமல் வேறென்ன வரும் என்றுதான் நானும் நினைத்தேன். தரையில் ரத்தத் தீற்றல் தெரிந்த அன்று, முள் ஏறிவிட்டது என்றாள்.

இதற்கிடையில் என் மச்சத்தை எடுத்துவிடுவது என்று நான் தீர்மானித்தேன். அம்மா அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், கடைசியில் கூடவே வருகிறேன் என்று கிளம்பினாள். விழுப்புரத்தில் ஒரு தோல் டாக்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். டாக்டரம்மா விளக்கு வைத்த லென்ஸை என் தாடையில் வைத்து, விலைக்கு வந்த நகையைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார்.

"முடி இருக்குதேன்னு பயப்பட வேணாம். மச்சத்துக்குள்ள முடி வேர் இருக்குது, அவ்ளோதான். கத்திரியால வெட்டிக்கலாம். பிடுங்காதீங்க, வேர் புண்ணாகும்."

எடுக்க வேண்டுமானால் இரண்டு வழி என்றார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மேலாகச் சீவி எடுக்கலாம். தழும்பு குறைவு, ஆனால் வேர் உள்ளேயே இருப்பதால் முடி திரும்ப வரலாம். ஆழமாக வெட்டித் தையல் போட்டால் முடியும் போய்விடும், கோடுபோல ஒரு வடு நிற்கும். எப்படி எடுத்தாலும் எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்களாம். லேசரில் சுட்டுவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. சுண்ணாம்பு வைத்தால் முகம்தான் வேகும்.

"அப்போ அது கேன்சர் இல்லியாம்மா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. மச்சம் மாறுனாதான் பயப்படணும். பெரிசாவுறது, ஓரம் பிசிறடிக்கிறது, நிறம் திட்டுத் திட்டா ஆவுறது, கசியறது."

அம்மாவுக்கு உயிர் வந்தது. இத்தனை வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தவளாக, வீட்டில் உட்காருவதுபோல வலது காலைத் தூக்கி நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டாள். நான் சீவலா தையலா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் பிளாஸ்திரிக்கு வெளியே வழிந்திருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் காலைக் கொஞ்சம் காட்டுங்க."

"அது ஆணிம்மா. இவளுதைப் பாருங்க."

டாக்டர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பிளாஸ்திரியை உரித்தார். லென்ஸை வைத்தார். என் முகத்துக்கு எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்தது.  எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது குரல் மாறியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அவர் சொன்ன நாலு அடையாளமும் அந்தக் குதிகாலில் இருந்தன. 

"நம்ம ஊர் பக்கம் இந்த வியாதி வந்தா நிறைய பேருக்குப் பாதத்துலதான் வருது. யாரும் அங்க பாக்கறதில்ல" என்றார், எழுதிக்கொண்டே.

துண்டு எடுத்துப் பார்த்த பரிசோதனையில் கேன்சர்தான் என்று வந்தது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் குதிகாலைத் தோண்டி எடுத்துவிட்டு, தொடைத் தோலை வெட்டி ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது, அதையும் எடுத்தார்கள். அதிலும் பரவியிருந்தது. இப்போது மருந்து ஏற்றிக்கொள்ளச் சென்னைக்குப் போய்வருகிறோம். என் மச்சம் முடியோடு அங்கேயே இருக்கிறது. கத்திரியால் வெட்டிக்கொள்கிறேன்.

போன தடவை திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, பெரிசாகியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கட்டுப்போட்ட காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மச்சம் பலிச்சிருச்சி பாத்தியாடி. விழுப்புரம், பாண்டிச்சேரி, இப்போ மெட்ராஸ்."

சிரித்தாள். அந்தக் காலில் இப்போது மச்சம் இல்லை. ஊர் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை.