அறுக்காமல் விட்ட பிடி

கோவளத்துக்குச் சற்று முன்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஓர் இங்கிலாந்துப் பாணி மாளிகை நிற்கிறது. சென்னைப் பணக்காரர் ஒருவர் அந்த நாட்டில் ஒன்றைப் பார்த்து மயங்கி, இங்கே வந்து கட்டியது. கூரையில் நான்கு புகைபோக்கிகள்; அடியில் அடுப்பு கிடையாது. இந்த வெயிலில் யார் குளிர்காயப் போகிறார்கள்! நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் ஜன்னல்கள். அறை இல்லாத இடத்திலும் சுவரில் ஜன்னலை வரைந்து வைத்திருக்கிறார்கள், ஜோடி குறையக்கூடாதாம். அந்த வரைந்த ஜன்னல்களைத் தோட்டவேலை செய்யும் சந்திரம்மாவுக்குப் பிடிக்காது. யாரோ உள்ளேயிருந்து பார்ப்பது போலிருக்கும்.

தோட்டமும் அதே ரகம்தான். வாசலிலிருந்து நீரூற்று வரை சரளைப் பாதை. இடப்பக்கம் எப்படியோ அப்படியே வலப்பக்கமும். வேலிக்கு வைத்த சங்கங்குப்பிச் செடியை இடுப்பளவு சுவராக வெட்டி நிறுத்த வேண்டும். இடப்பக்கம் சந்திரம்மா, வலப்பக்கம் அவள் புருஷன் அப்பாசாமி.

இருவரும் திருப்போரூர்ப் பக்கம் ஊரார் வயலில் அறுத்து வளர்ந்தவர்கள். அங்கே அறுக்கிற ஒவ்வொருவரும் தன் வரிசைக் கடைசியில் ஒரு பிடிக் கதிரை நிலத்துக்கென்று விட்டுவிடுவார்கள். கடைசி ஆளும் விட்டபிறகுதான் எல்லோரும் கரையேறுவார்கள். அதுவரை யாரும் முன்னால் போகக்கூடாது. வயல்கள் மனைகளாகி, இங்கே வேலைக்கு வந்த பிறகும் அப்பாசாமிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வேலிக் கடைசியில் ஒரு பிடித் தழையை விட்டுவிடுவான். மானேஜர் ஹேமந்த் கத்துவாரே என்று சந்திரம்மா பின்னாலேயே போய் அதை நறுக்குவாள்.

“அத்த ஏம்மே வெட்டுற? நீயும் ஒண்ணு வுடு, ரெண்டு பேரும் கரையேறலாம்” என்று சிரிப்பான்.

போன ஐப்பசியில், வேலியோரம் கத்தரியோடு சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்து சந்திரம்மா வேலைக்குத் திரும்பிய காலையில், வலப்பக்கம் முழுக்கப் புதிதாக வெட்டியிருந்தது. கடைசியில் ஒரு பிடி நிமிர்ந்து நின்றது. அவள் பயந்துபோய்க் கேட்டதற்கு வாட்ச்மேன், “உள்ள ஒருத்தரும் வர்லியேம்மா” என்றார். அன்றிலிருந்து அவள் வெட்டும்போதெல்லாம் பாதைக்கு அந்தப்பக்கம் கத்தரிச் சத்தம் கேட்டது. இவள் நிறுத்தினால் அதுவும் நிற்கும். திரும்பினால் ஆளில்லை; தழை மட்டும் உதிர்ந்து கிடக்கும்.

போகப் போகப் பயம் விட்டுப்போய், அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சோறு இறங்காது என்றாகிவிட்டது. வீட்டில் பேச நாதியில்லை. இங்கே அவன் இருந்தான். அவன் விட்ட பிடியை அவள் தொடவேயில்லை. இரண்டு பக்கமும் அவளே வெட்டுகிறாள் என்று ஹேமந்த் நினைத்துக்கொண்டார்.

தையில் மாளிகையை ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடியிலிருந்து பார்த்த ஹேமந்த் இறங்கி வந்தார்.

“இன்னா சந்திரம்மா, ரைட்ல மட்டும் துருத்திகினு கீது? ரெண்டும் ஒண்ணா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா மிஷின் வெச்சி வெட்டிடுவேன்.”

மிஷின் வந்தால் அப்பாசாமிக்கு இங்கே என்ன வேலை? அவன் பிடியை நறுக்கவும் மனசு வரவில்லை. யோசித்து யோசித்து, தன் பக்கத்துக் கடைசியிலும் ஒரு பிடியை விட்டாள். “இது டிசைன் மாதிரி நல்லா கீது” என்றார் ஹேமந்த். புருஷனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கத்தரியை எடுத்தாள். அந்தப்பக்கம் சத்தமில்லை. நிறுத்தினாள், மறுபடி வெட்டினாள். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த வாரம் முழுக்க வலப்பக்கம் கன்னாபின்னாவென்று தழைத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவன் இவள் முடிப்பதற்காகக் காத்திருந்திருக்கிறான். இவளும் பிடியை விட்டுவிட்டாள், அவன் கரையேறிவிட்டான்.

ஓடிப்போய்த் தன் பக்கத்துப் பிடியை நறுக்கி எறிந்தாள்.

“யோவ், நான் இன்னும் முடிக்கலய்யா!”

வலப்பக்கத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.