எந்த நீள ஏரி?

ஆர்லிஸ் ஹௌகன், வண்டிவீடுகளை நிறுத்தித் தங்கும் எங்கள் ஏரிக்கரை முகாமுக்கு முதல் தடவை வந்தபோது கையில் ஒரு கயிறு வைத்திருந்தாள். மே மாதம், ஏரியில் பனிக்கட்டி கரைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஏழாம் எண் இடத்து மின்கம்பத்தில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். கரைக்கு நாலடி முன்னால் கயிறு தீர்ந்தது. அங்கேயே நின்று ஏரியைப் பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றாள். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் எதையும் புகழ்வதில்லை.

பத்தொன்பது வருடமாக அந்த முகாமின் அலுவலக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடம் தேடி வருகிறவர்கள் நீச்சல் குளம் உண்டா என்று கேட்பார்கள். ஜன்னல் வழியே ஏரியைக் கைகாட்டுவேன், புரிந்தால் புரியட்டும் என்று. ஆர்லிஸ் அந்த ரகம் இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். முதலில் கழிப்பறையைத் திறந்து பார்த்தாள், சக்கர நாற்காலி நுழையுமா என்று. பிறகு மணலில் கால்வைத்து எவ்வளவு தூரம் ஆழமில்லை என்று பார்த்தாள். குளிர்காலம் முழுக்க இருபத்துமூன்று முகாம்களுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். மின்கம்பம் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தது எங்களிடம் மட்டும்தான்.

கயிறு எதற்கென்று நான் கேட்காமலே சொன்னாள். அவள் கணவர் வெர்லின் நாற்பது வருடம் மாடு வளர்த்தவர். வைக்கோல் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. மின்சாரத்தில் ஓடும் பிராணவாயு இயந்திரத்திலிருந்து ஐம்பதடிக் குழாய் ஒன்று அவர் மூக்குக்கு வரும். அந்த ஐம்பதடிதான் அவருடைய உலகம், அவள் கயிற்றின் நீளமும் அதுதான்.

"பக்கத்து எட்டாம் நம்பரும் எனக்கு வேணும்," என்றாள். "என் பையன் குடும்பத்தோட வர்றான்."

பையன் லோவல் ஆறு வருடமாக அப்பாவோடு பேசவில்லை. மாடுகளெல்லாம் தன் கைக்கு வரும் என்று நம்பியிருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெர்லின் மந்தையை விற்றுவிட்டார். அவன் ஃபார்கோ நகரத்துக்குப் போய்விட்டான். இப்போது வெர்லின் இலையுதிர் காலம்வரை தாங்குவது கஷ்டம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஆர்லிஸ் கெஞ்சாத குறையாகக் கேட்டதில், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், ஏரி என்றால் ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். ஒரே ஒரு சனிக்கிழமை.

ஜூலையில் அந்த நாள் வந்தது. ஒன்பது மணிக்கே வெர்லினைக் கரையோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். குழாய் கடைசி அடிவரை இழுபட்டுக் கிடந்தது. மதியத்துக்குக் காட்டரிசியும் கோழியும் சேர்த்து வண்டிவீட்டு அடுப்பில் வேகவைத்திருந்தாள். எட்டாம் எண் இடம் காலியாகவே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஐஸ் வாங்க வந்தாள். ஒரு மணிக்கு மறுபடி ஐஸ். மூன்றாவது தடவை ஐஸ் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க ஐஸ் பொட்டில இனி இடமே இருக்காது ஆர்லிஸ். ஃபோன் வேணும்னா வாயத் தொறந்து கேளுங்களேன்!"

"உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"அவனுக்கு வழி சொன்னீங்களா, இல்லையா?"

"அவனுக்குப் போய் வழி சொல்லுவாங்களா? நீள ஏரிக்கு வந்துடுன்னேன். சரின்னான்."

எங்கள் ஏரியின் பெயர் நீள ஏரிதான். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் அதே பெயரில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் எந்த ஏரி என்று சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. கேட்டால் நீ என்ன வெளியூரா என்பார்கள். நானும்தான் மே மாதத்தில் கேட்கவில்லை.

"சின்ன வயசுல அவனைக் கூட்டிட்டுப் போவீங்களே, அந்த ஏரிக்கு என்ன பேரு?"

ஆர்லிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ," என்றாள். "அதுவும் நீள ஏரிதான்."

முகாம் பட்டியலைப் புரட்டி நான்தான் எண்ணைச் சுழற்றினேன். மேற்கே நாலு மணி நேரப் பயணத்தில் இருந்த அந்த ஏரியில் ஒரு பெண் எடுத்தாள். "நீல வேனா? ரெண்டு பொண்ணுங்களோட? காலைல இருந்து காத்துக்கிட்டு இருந்தாங்க. இப்பத்தான் கிளம்பிப் போனாங்க. கிழவன் இந்தத் தடவையும் என்னை ஏமாத்திட்டான்னு சொல்லிட்டுப் போனாரு."

கைப்பேசி எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். லோவல் வீட்டு எண்ணுக்குப் போட்டோம். பதிவு இயந்திரம்தான் எடுத்தது. ஆர்லிஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். "லோவல், அம்மா. தப்பு என்னோடதுதான், ஏரி மாறிப்போச்சு. அப்பா இங்க உக்காந்திருக்காரு. நீ ஒண்ணும் சிரமப்படாத. தூரம் ஜாஸ்தி. முடிஞ்சா பாரு, இல்லேன்னா பரவாயில்ல."

அந்த ஃபோனைப் பிடுங்கி அவள் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது எனக்கு. சாகக் கிடக்கிற மனிதரை வைத்துக்கொண்டு பரவாயில்லையாம்!

கால்ஃப் வண்டியில் போய், அவசரத்துக்கு வைத்திருந்த சின்னப் பிராணவாயு உருளையை மாட்டி, வெர்லினையே அலுவலகத்துக்குக் கூட்டிவந்தோம். விஷயத்தைச் சொன்னதும் கையை நீட்டினார். நான் மறுபடி எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன். வண்டியிலிருந்து நாலடி நடந்ததிலேயே மூச்சு போய்விட்டது அவருக்கு. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பக்கத்தில் நின்ற எனக்குப் பதிவு இயந்திரம் 'பீப்' என்று துண்டித்தது கேட்டது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"லோவல். நான் கேக்காம வித்தது தப்புடா. வாடா."

ஃபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டேன்," என்றார் ஆர்லிஸிடம். அவள் அழுதாள். ஆறு வருடமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அதை அந்த இயந்திரம் வாங்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர்கள் போன பிறகாவது நான் தனியாக அந்த எண்ணுக்குப் பேசியிருக்கலாம். அடுத்த குடும்பத்து விஷயம் என்று இருந்துவிட்டேன். ஞாயிறு மாலைவரை ஆர்லிஸ் அவரை அதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். வேன் வரவில்லை.

ஆகஸ்ட் பதினெட்டில் வெர்லினை அடக்கம் செய்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது, வெர்லினின் அதே தாடை அமைப்போடு ஒருவன் என்னிடம் வந்தான்.

"முகாம் ஆபீஸ்ல இருக்கறவங்க நீங்கதானா? அந்த டேப்பை வச்சிருக்கேன். அம்மா வர வேணாம்னுதான் சொல்றாங்க. அப்புறம் வெறும் மூச்சுச் சத்தம். பேசப் பிடிக்காம வச்சுட்டாருன்னு நெனச்சேன்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேசினாரு. மிஷின் கட் ஆன பிறகு பேசினாரு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"என்ன சொன்னாரு?"

சொன்னேன், மூன்று வாக்கியத்தையும், அவர் சொன்ன மாதிரியே. அவன் அங்கே கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?" என்றான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஆர்லிஸ், சாப்பிடாமல் நின்றவர்களிடமெல்லாம் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.