மாடியில் ஒரு ரூம்

கொஸ்லந்தைக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழும்பைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கொழும்பைத் தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி பேசியவர் தங்கராஜா ஒருவர்தான். இருபத்தெட்டு வருஷமாகப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் நாட்டாமி வேலை. லொறியில் வந்து இறங்குகிற வெங்காயம், பருப்பு, சீனி மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கடைக்குள் கொண்டுபோய் அடுக்கும் வேலை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். வந்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்து கொழும்பை அளந்துகொண்டிருப்பார்.

அவர் அளக்கிற கொழும்பு வேறு. யாராவது காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம் என்று ஆரம்பித்தால் கையை உதறிவிடுவார். “அதெல்லாம் பஸ் புடிச்சுப் போற எவனும் பாப்பான். நான் சொல்ற எடம் கொழும்புல பொறந்தவனுக்கே தெரியாது” என்பார். ஒரு கோயிலின் பின்சுவரில் இருக்கும் குழாய். அதில் வருகிற தண்ணீர் ஐஸ் போட்ட மாதிரி இருக்குமாம். ஆள் பக்கவாட்டில் மட்டுமே நுழையக்கூடிய ஒரு சந்து. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடல்காற்று அதற்குள்ளேதான் புகுந்து வருமாம். படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு இஞ்சிப் பிளேன்டீக் கடை. இதற்கெல்லாம் மேலே அவர் தங்கியிருக்கிற மாடி. ஐந்தாவது மாடி. அங்கே நின்றால் துறைமுகம் முழுக்கக் காலடியில் கிடக்கும்.

“மொதலாளி மாடியில ஒரு ரூம் குடுத்திருக்காரு” என்பார்.

ரூம் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. புஹாரி முதலாளி சரக்கு அடுக்குகிற கிட்டங்கிக்கு மேலே மொட்டைமாடி. அதில் தண்ணீர்த் தாங்கியை ஒட்டி நாலு தகரம் சாத்திய இடம். வெயிலுக்கு ஒதுங்கலாம், பெரிய மழைக்கு ஒதுங்க முடியாது. கட்டிய பெண்டாட்டியிடம் போய், நான் மொட்டைமாடியில் படுக்கிறேன் என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? அவருக்கும் வரவில்லை.

பெண்டாட்டி பரிமளம் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கல்யாணமான அடுத்த மாதமே அவர் கொழும்புக்குப் போய்விட்டார். “இந்தத் தடவ என்னோட வா புள்ள, நாலு நாளு இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு வந்துரலாம்” என்று வருகிறபோதெல்லாம் கூப்பிடுவார். மொட்டைமாடியில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள் வருவதாகச் சொல்லட்டும், அப்புறம் முதலாளியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். ஆனால் அவளிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது. கொழுந்து கூடின நேரம், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகாவிட்டால் பெயர் போடமாட்டார்கள். மாடு கன்று போடப்போகிறது. மகள் கௌசிகாவுக்குப் பரீட்சை. கௌசிகா படித்து முடித்துக் கல்யாணமும் முடித்துப் பண்டாரவளைக்குப் போன பிறகும் காரணங்கள் தீரவில்லை. “அவளுக்குக் கொழுந்துதான் புருஷன், நான் விருந்தாளி” என்று தங்கராஜா லயத்து ஆட்களிடம் கேலி பேசுவார். உள்ளுக்குள் அது அவருக்கு வருத்தந்தான்.

கடைசியில் அவளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது வயிற்றில் வந்த கட்டி. கொழுந்து எடுக்கிறபோது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டினால் நோவு தெரியவில்லை என்று எட்டு மாதம் அப்படியே மலையேறியிருக்கிறாள் பாவி. ஒருநாள் தேயிலைக்குள்ளேயே விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

இரண்டு தடவை வந்து பரிசோதனை எல்லாம் முடிந்து, மூன்றாவது தடவை முடிவு கேட்க வந்த நாள் அது. முந்தின இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் ஏறியதுதான். அன்றைக்கு அவளை எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் டாக்டரம்மா தங்கராஜாவை உள்ளே கூப்பிட்டார். சின்ன வயது. முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். ஈரல் வரைக்கும் போய்விட்டது. வெட்டிப் பிரயோசனம் இல்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நோவுக்கு மருந்து பதுளையிலேயே தருவார்கள். புறக்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம் பேசிப் பழகிய சிங்களம். அன்றைக்கு அது தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு இருந்தது.

வெளியே வந்தபோது பரிமளம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“மருந்து மாத்தியிருக்காங்க. இனி இங்க வர வேணாமாம், பதுளையிலயே எடுத்துக்கலாமாம்.”

“அப்ப நல்லதுதான?”

“நல்லதுதான்.”

மணி பதினொன்று. கொஸ்லந்தை வழியாகப் போகிற மொனராகலை பஸ் சாயந்தரம் ஆறரைக்கு. நடுவில் ஏழரை மணி நேரம் கிடந்தது. இன்றைக்கு விட்டால் இவள் கொழும்பைப் பார்க்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ரோட்டில் இறங்கி ஆட்டோவைக் கை காட்டினார்.

“எங்கங்க போறோம்?”

“ஒனக்குக் கொழும்பக் காட்டப் போறேன்.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “வேணாங்க. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருப்போம்” என்றாள். இன்றைக்குச் சொல்ல மாடும் இல்லை, கொழுந்தும் இல்லை. களைப்பாக இருக்கிறது என்று முணுமுணுத்தாள். அவர் விடவில்லை.

முதலில் கோயில் குழாய். இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடிக்கச் சொன்னார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, “குளோரின் நாத்தம் அடிக்குதேங்க” என்றாள். அடுத்தது காற்று வரும் சந்து. காற்று வந்தது, சொல்லி வைத்த மாதிரி வந்தது. கூடவே கருவாட்டுக் கடை வாடையும் வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவன் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான். அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்ற தங்கராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பது கிலோ மூட்டையை இறக்கிவிட்டு வருகிறவனுக்குத்தான் இதெல்லாம் சொர்க்கம். கொஸ்லந்தையில் பிறந்தவளுக்குத் தண்ணீருக்கும் காற்றுக்குமா பஞ்சம்? மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரை விட்டுவிட்டு வந்தவளிடம் போய்க் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் அவள் என்ன சொல்வாள்?

இஞ்சிப் பிளேன்டீயை அவள் பாதி குடித்தாள். தேயிலைத் தோட்டத்துக்காரிக்கு அது மட்டமான தூள் என்று வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

“இதுக்காங்க இத்தன வருஷம் அம்புட்டுப் பெரும பேசுனீங்க?” என்று கேட்டுச் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுகையை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு எடம் இருக்கு. மாடி.”

“அது வேணாம்” என்றாள். சிரிப்பு போய்விட்டது. “அங்க மட்டும் வேணாங்க.”

படி ஏறப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருந்த புஹாரி முதலாளி எழுந்துவிட்டார். “வாங்க தங்கச்சி. இப்பதான் ஒங்களக் காண நசீபு வாய்ச்சுது” என்றவர், அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கராஜாவிடம் குரலைத் தாழ்த்தினார். “அஞ்சு மாடி ஏற இவங்களுக்கு ஏலுமா?”

“நான் எதுக்கு இருக்கேன் மொதலாளி” என்றார் தங்கராஜா. படிக்கட்டின் அடியில் குந்தி முதுகைக் காட்டினார்.

பரிமளம் வெட்கப்பட்டாள். கடைப் பையன்கள் பார்க்கிறார்கள் என்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். எழுந்து நின்ற நொடியில் தங்கராஜாவுக்கு அவள் எடை தெரிந்துவிட்டது. எந்த மூட்டையையும் முதுகில் ஏற்றினால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். அந்த விஷயத்தில் கடைத்தராசைவிட அவர் முதுகைத்தான் முதலாளியே நம்புவார். முப்பத்து மூன்று. கூடினால் முப்பத்து நாலு.

இரண்டாவது மாடி திரும்பும்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். “எத்தன கிலோங்க இருக்கேன்?”

“நாப்பத்தஞ்சு இருப்ப.”

“தோட்டத்துல கொழுந்து நிறுக்கறப்ப ரெண்டு கிலோ கழிப்பாங்க. நீங்க பன்னெண்டு கிலோ கூட்டுறீங்களே.” ஆஸ்பத்திரித் தராசை அவளும் பார்த்திருந்தாள். அவர் நிற்காமல் ஐந்தாம் மாடி வரைக்கும் ஏறினார்.

மேலே போனதும் அவளை இறக்கிவிட்டு, “அங்க பாரு” என்று கடல் பக்கம் கையை நீட்டினார். கப்பல்கள் வரிசையாக நின்றன. பாரந்தூக்கிகள் மெதுவாகத் திரும்பின. நல்ல வெயில். இதைவிட நன்றாக ஒருநாளும் துறைமுகம் அமைந்ததில்லை.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகரம் சாத்திய மூலைக்குப் போனாள். அங்கே ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. பழைய துணி அடைத்த ஒரு தலையணை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கயிற்றில் ஒரு சாரமும் இரண்டு சட்டையும். அவள் பாயை விரித்துப் பார்த்தாள். தலையணையை எடுத்து மோந்து பார்த்தாள். கயிற்றில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தகரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பொலிஸ்காரர்கள் வீடு சோதிக்கிற மாதிரி இருந்தது.

“ரூம் எங்க?” என்றாள்.

தங்கராஜா தலையைக் குனிந்துகொண்டார். “இதான்.”

“இங்கயா இத்தன வருஷமும் படுத்தீங்க? தனியாவா?”

“பின்ன யாரோட படுப்பாங்க?”

அவள் பாயில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் கஷ்டத்தைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று அவர் நினைத்தார். வேனில் காலத்தில் நல்ல காற்று வரும், ஒரு குறையும் இல்லை என்று சமாதானம் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“எங்கப்பாவும் கொழும்புலதான் வேல செஞ்சாரு. அவரும் மாடியில ஒரு ரூமுன்னுதான் சொன்னாரு. எங்கம்மா செத்ததுக்கு அந்த ரூம்லயிருந்து ஒரு பொம்பளையும் ரெண்டு பிள்ளைகளும் வந்து எறங்குனாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க ரூமுன்னு சொன்ன அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அதான் ஒருநாளும் வரல. வந்து கண்ணால பாக்க என்னால முடியாதுங்க.”

தங்கராஜாவுக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷக் கோபம். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? என்ன மனுஷி நீ? கேட்டாத்தான் என்னா?”

“கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து மணி வரை அந்த ஒரு பாயில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டார். அவள் “தெரியும்” என்று மட்டும் சொன்னாள். கடலை அப்போதும் அவள் பார்க்கவில்லை.

புறக்கோட்டைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. லயத்தில் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார், தலை வாரிவிட்டார், வெயில் வருகிற நேரத்தில் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் உட்காரவைத்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், கொழும்பில் என்ன பார்த்தாய் என்று பேச்சுக்குக் கேட்பார்கள். சாகப்போகிறவளிடம் வேறு எதைத்தான் கேட்பது? அவளுக்கோ அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது.

“ஒரே பாயி கருப்பம்மாக்கா” என்று பக்கத்து லயத்துக் கருப்பம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் ஒருநாள். “ஒரே தலகாணி. மோந்து பாத்தேன், வெங்காய வாசந்தான் அடிச்சுச்சு. இந்த மனுஷன் அத்தன வருஷமும் ஒத்தயில கெடந்திருக்காருக்கா.” அதைச் சொல்கிறபோது அவள் குரலில் இருந்த பெருமை, புதுத்தாலி கட்டியவளுக்குத்தான் இருக்கும். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த தங்கராஜா வெளியே வராமல் அங்கேயே நின்றார். அவர்கள் போகும்வரை வரவில்லை.

நாளுக்கு நாள் குரல் தேய்ந்தது. கடைசி வாரத்தில் வந்தவர்களுக்கு ஒற்றை விரலைத்தான் காட்ட முடிந்தது. அது அந்தப் பாயைச் சொல்கிறது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை மாதம், மழை நாளில் போய்ச் சேர்ந்தாள்.

நிம்மதியாகத்தான் போனாள் என்று கருப்பம்மா சொன்னாள். எல்லோரும் அதையே சொன்னார்கள். தங்கராஜா நாட்களை எண்ணிப் பார்த்திருந்தார். தன் புருஷன் தனக்கு மட்டுந்தான் என்று தெரிந்த பிறகு அவள் வாழ்ந்தது நாற்பத்தொரு நாள்.